கணிதப் போட்டிக்குத் தயாராவது: ஏழாம், எட்டாம் வகுப்பு நோட்டுகளிலிருந்து

"எந்த புக் வாங்கலாம்?" அக்கா மகன் ஏழாம் வகுப்புக்குப் போனதிலிருந்து, அவன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் பள்ளிக்கூடத்தில் கணிதப் போட்டி எழுதியவள், இறுதிச் சுற்றுவரை போனவள் என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். புத்தகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றால் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புத்தகத்துக்கு முன்னால், எந்தத் தேர்வு என்பது தெளிவாக வேண்டும். ஒலிம்பியாட் என்ற பெயரோடு பள்ளிகளில் பணம் கட்டி எழுதும் தேர்வுகள் இன்று ஏராளம். அவற்றில் பல, பாடப்புத்தகக் கணக்கையே கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பவை. பதக்கமும் தாராளமாக வரும். எழுதினால் நஷ்டமில்லை, ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பக் கை பழகும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தகுதியுள்ள பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அது வேகத்தைக் கேட்கும் தேர்வு. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குத் தயாராகும் முறையும் நான் இங்கே சொல்லப்போகும் முறையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நோட்டில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் எழுதியது என்எம்டிசி, தேசிய அளவிலான கணிதத் திறன் போட்டி. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், ஏஎம்டிஐ என்று எல்லோரும் சொல்வது, 1965இல் தொடங்கியது. அலுவலகம் சென்னைத் திருவல்லிக்கேணியில். அவர்கள் நடத்தும் போட்டியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கணித மேதையின் பெயர் உண்டு. ஐந்து, ஆறாம் வகுப்புக்கு காஸ், ஏழு, எட்டுக்குக் காப்ரேக்கர், ஒன்பது, பத்துக்குப் பாஸ்கரா, பதினொன்று, பன்னிரண்டுக்கு ராமானுஜன். முதல் சுற்று இரண்டு மணி நேரம், விடையை மட்டும் கேட்கும். அதில் தேறினால் இறுதிச் சுற்று மூன்று மணி நேரம், விடையை எப்படி அடைந்தாய் என்று முழுக்க எழுத வேண்டும்.

இப்போது ஐஓக்யூஎம் என்ற தேர்வையும் எட்டாம் வகுப்பிலேயே எழுதலாம். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வரை போகும் பாதையின் முதல் படி அதுதான். 30 கேள்வி, மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், எல்லா விடையும் இரண்டு இலக்கத்துக்குள் அடங்கும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காக்களோடு ஒரே வினாத்தாளை எழுத வேண்டும். அசாத்தியமான பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு என் யோசனை தேவையில்லை. மற்றவர்களுக்கு ஏழிலும் எட்டிலும் காப்ரேக்கர் நிலை, ஒன்பதில் ஐஓக்யூஎம் என்பதுதான் வயிற்றில் புளி கரைக்காத வரிசை.

இனி தயாரிப்பு. இந்த நிலைக்கு வேண்டிய சரக்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம்தான். வகுபடும் தன்மை, மீதி, பகாக் காரணிகள், மீ.பெ.கா, மீ.சி.ம, ஒற்றை இரட்டை, விகிதம், கோணங்களின் கூட்டல், பரப்பளவு, முற்றொருமைகள், வரிசைப்படுத்தி எண்ணுவது. இவை எல்லாமே சமச்சீர்ப் புத்தகத்திலும் சிபிஎஸ்இ புத்தகத்திலும் எட்டாம் வகுப்புக்குள் வந்துவிடும். டியூஷனில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே முடித்துவிட்டால் போட்டியில் ஜெயித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. 'ஃபவுண்டேஷன்' என்று ஆறாம் வகுப்பிலிருந்தே வசூல் நடக்கிறது. முன்கூட்டிப் படித்த பிள்ளை ஒரு சமன்பாட்டை எழுதும், அதைத் தீர்க்கும். சமன்பாடே எழுத முடியாத கேள்வி வந்தால் பேனாவை வைத்துவிடும். காப்ரேக்கர் நிலையில் நல்ல கேள்விகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

ஒரு கணக்கை அருகில் வைத்துக் காட்டுகிறேன். போட்டியின் பெயரிலேயே அது இருக்கிறது.

காப்ரேக்கர் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எண்களோடு விளையாடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் கண்டுபிடித்த 6174 பற்றிப் பல பிள்ளைகளுக்குத் தெரியும். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். 3524 எடுத்தால் 5432 − 2345 = 3087. அடுத்து 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. அதற்கு மேல் 6174 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு படிக்குள் அங்கே போய்ச் சேரும்.

இதைப் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வித்தையாகப் பார்த்துவிட்டு, நாலு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கணக்கு டீச்சர் அப்படி விடவில்லை. "நாலு இலக்கம் பெருசு, மூணு இலக்கத்துல போட்டுப் பாருங்க. எங்க போய் நிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க, ஏன் அங்க போய் நிக்குதுன்னு சொல்லுங்க" என்றார். 352 எடுத்தோம். 532 − 235 = 297, 972 − 279 = 693, 963 − 369 = 594, 954 − 459 = 495. அப்புறம் 495தான். எல்லாருக்கும் 495 வந்தது. ஏன்?

மூன்றிலக்க எண்கள் 900 இருக்கின்றன. எல்லாவற்றையும் யாரும் போட்டுப் பார்க்க முடியாது. ஆனால் கழித்தலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். இறங்கு வரிசையில் பெரிய இலக்கம் நூறாம் இடத்தில் நிற்கிறது, சிறியது ஒன்றாம் இடத்தில். ஏறு வரிசையில் அப்படியே தலைகீழ். நடு இலக்கம் மட்டும் இரண்டிலும் பத்தாம் இடத்திலேயே இருக்கிறது. கழித்தால் அது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது, பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் 99 மடங்கு. மூன்றும் ஒரே இலக்கமாக இல்லாதவரை, வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும். ஆக எந்த எண்ணில் தொடங்கினாலும் முதல் கழித்தலின் விடை 99, 198, 297, 396, 495, 594, 693, 792, 891 என்ற ஒன்பதில் ஒன்று. 900 ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. அதிலும் 198க்கும் 891க்கும் ஒரே இலக்கங்கள், 297க்கும் 792க்கும் அப்படியே, 396க்கும் 693க்கும், 495க்கும் 594க்கும். மிச்சம் ஐந்து. 99ஐ 099 என்று மூன்று இலக்கமாக எழுதித் தொடங்கினால் 891, பிறகு 792, 693, 594, 495 என்று ஒரே சங்கிலியில் அந்த ஐந்தும் வந்துவிடுகின்றன. முடிந்தது. இனி யாரும் ஒரு எண்ணைக்கூடப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

நடு இலக்கம் அடிபட்டுப் போகிறது என்று பார்த்த நொடியில் எங்கள் பெஞ்சில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்தார். போட்டிக்குத் தயாராவது என்று நான் சொல்வது இதைத்தான். கழித்தலும் இட மதிப்பும் மூன்றாம் வகுப்புப் பாடம். இங்கே புதிதாக வேண்டியிருந்தது, 'ஏன்' என்ற கேள்வியோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்கும் பொறுமைதான்.

என் தயாரிப்பில் மிகவும் உதவியது ஒரு நோட்டு. புத்தகமோ கோச்சிங்கோ இல்லை. கோடு போடாத லாங் சைஸ் நோட்டு. இடப் பக்கம் முயற்சிகள்: கிறுக்கல், அடித்தல், படம், எல்லாம். வலப் பக்கம் முடிந்த தீர்வு மட்டும், முழு வாக்கியங்களில். இடப் பக்கம் போதாவிட்டால் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டை மாற்றிக்கொள்வோம். அவள் தீர்வை நான் படித்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பேன், என்னுடையதை அவள் பார்ப்பாள். திருத்துவதற்குச் சிவப்புப் பேனா கிடையாது, பென்சில்தான். அவள் அழகான கையெழுத்துக்காரி, நோட்டில் சிவப்பு பட்டால் கோபம் வரும்.

ஒரு தடவை வந்த கணக்கு இது. 1 முதல் 10 வரை வரிசையாக எழுதி, நடுவில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டு விடை பூஜ்ஜியம் வரவைக்க முடியுமா? அவள் அரைப் பக்கம் போட்டுப் பார்த்துவிட்டு, வலப் பக்கத்தில் 'முடியாது' என்று எழுதியிருந்தாள். விடை சரி. நான் கீழே பென்சிலில் 'ஏன்?' என்று எழுதினேன். திங்கட்கிழமை காலை சண்டை.

"ஏன்னா என்னடி ஏன்? போட்டுப் பாத்தேன், வரல."

"எல்லாத்தையும் போட்டுப் பாத்தியா?"

"எத்தனை இருக்குன்னு நெனக்கிற?"

அதையும் எண்ணினோம். ஒன்பது இடைவெளி, ஒவ்வொன்றிலும் இரண்டு குறி, ஆக இரண்டை ஒன்பது முறை பெருக்க வேண்டும். 512. இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. மறுநாள் அவள்தான் விடையோடு வந்தாள். போட்டுப் பார்த்த விடைகளையெல்லாம் ஒரே பத்தியில் எழுதியிருக்கிறாள்: 1, 5, −3, 11, −7. எல்லாமே ஒற்றைப்படை. அங்கிருந்து காரணத்துக்குப் போய்விட்டாள். எல்லாம் கூட்டலாக இருந்தால் 55. ஒரு எண்ணின் குறியைக் கழித்தலாக மாற்றினால், விடை அந்த எண்ணின் இரு மடங்கு குறையும். இரு மடங்கு என்றால் இரட்டைப்படை. ஒற்றையிலிருந்து இரட்டையைக் கழித்தால் ஒற்றைதான். பூஜ்ஜியம் இரட்டைப்படை. எத்தனை குறி மாற்றினாலும் அங்கே போய்ச் சேராது.

நான்கு வரி. 512 முயற்சியையும் அந்த நான்கு வரி விழுங்கிவிட்டது. அதோடு நிற்கவில்லை. 1 முதல் 11 வரை என்றால்? மொத்தம் 66, பாதி 33. 11, 10, 9, 3 ஒரு பக்கம், மற்றவை மறு பக்கம், வந்துவிட்டது. 12க்கும் வரும். 13க்கும் 14க்கும் வராது. அடுத்தடுத்த நான்கு எண்களை எடுத்தால் முதலும் நான்காவதும் கூட்டல், நடு இரண்டும் கழித்தல் என்று போட்டுப் பூஜ்ஜியமாக்கிவிடலாம் என்று பார்த்ததும் எல்லா எண்ணுக்கும் விடை கிடைத்துவிட்டது. ஒரு கணக்கு, ஒரு வாரம். அந்த வாரம் வேறு எதுவும் போடவில்லை. நூறு கணக்கு போட்ட பிள்ளையைவிட நாங்கள் பின்தங்கிவிட்டோம் என்று அப்போது பயமாக இருந்தது. ஒற்றை இரட்டை வைத்துக் கேட்ட எந்தக் கணக்கும் அதற்குப் பிறகு எங்களைத் திணறடிக்கவில்லை.

அதனால் அக்கா மகனுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, வாரத்துக்கு மூன்றே மூன்று. ஒன்று சட்டென்று வரக்கூடியது, ஒன்று யோசிக்க வேண்டியது, ஒன்று வராமலே போகக்கூடியது. ஒரு கணக்கில் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். உட்கார்வது என்றால் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை, சின்ன எண்ணில் போட்டுப் பார்ப்பது, படம் வரைவது, அட்டவணை போடுவது, விடையிலிருந்து பின்னோக்கி வருவது. கை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். வரவில்லையா, மூடிவைத்துவிட்டு மறுநாள். மூன்றாம் நாளும் வரவில்லை என்றால் தீர்வைப் பார்க்கலாம், ஆனால் முதல் வரியை மட்டும். மீதியை ஸ்கேலால் மறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பல நேரம் அந்த முதல் வரியே போதும். முழுத் தீர்வையும் படித்துத்தான் புரிந்தது என்றால் அந்தக் கணக்கின் எண்ணைச் சுழித்துவைத்து, பத்து நாள் கழித்து வெறும் தாளில் மறுபடி எழுத வேண்டும். பாதிக் கணக்கு அப்போதும் வராது! படிக்கும்போது தலையாட்டிய தலை, எழுதும்போது காலை வாரிவிடும். மூன்றாவது தடவை வந்துவிடும்.

புத்தகம் என்று கேட்டவர்களுக்கு இப்போது சொல்கிறேன். முதலில் கையில் இருக்கும் பாடப்புத்தகம். சமச்சீர்ப் புத்தகத்தில் பாடக் கடைசியில் 'மேற்சிந்தனைக் கணக்குகள்' என்று ஒரு பகுதி வரும். வகுப்பில் நேரமில்லை என்று தாண்டிவிடுவார்கள். அதை ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக முடிக்கட்டும். 'தகவல் செயலாக்கம்' என்ற இயலையும் விடாதீர்கள், எண்ணுவதற்கும் ஒழுங்கமைப்பதற்கும் நல்ல பயிற்சி. அடுத்து போட்டியின் பழைய வினாத்தாள்கள். ஏஎம்டிஐ தீர்வோடு வெளியிடுகிறது. எங்கள் டீச்சர் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். இந்த இரண்டும் முடிந்த பிறகு பெரிய புத்தகம் வாங்கலாம். அதற்குள் எட்டாம் வகுப்பு முடிந்திருக்கும்.

வடிவியலில் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். படங்கள் அளவுக்கு வரையப்பட்டவை அல்ல என்று வினாத்தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். அப்படியும் பாகைமானியை எடுப்பவர்கள் உண்டு. தெரியாத கோணத்துக்கு ஒரு எழுத்தை வைத்துவிட்டு மற்ற கோணங்களை அதன் மடங்குகளாக எழுதிக்கொண்டே போவதுதான் வழி. ஒரு இருசமபக்க முக்கோணம். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் நீளமும், அடிப்பக்கமும், எதிர்ப் பக்கத்தில் கோட்டுக்கு மேலே இருக்கும் துண்டும் சமம். உச்சிக் கோணம் எவ்வளவு? உச்சிக் கோணத்தை ஒரு பங்கு என்று வைத்தால், கீழ்க் கோணங்கள் ஒவ்வொன்றும் இரண்டு பங்கு வருகிறது. மொத்தம் ஐந்து பங்கு, 180 பாகை. விடை 36. படத்தை வரைந்து ஒவ்வொரு கோணமாக நிரப்பிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

முதல் சுற்றுக்கு வருவோம். நான் எழுதிய வருடங்களில் சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பு. விதிமுறை மாறக்கூடியது, வினாத்தாளின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். குறைப்பு உண்டென்றால் குருட்டாம்போக்கில் குறிக்கலாமா என்பதே ஒரு கணக்கு. நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் ஒன்றைக் குறித்தால், நான்கு கேள்விக்குச் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். ஒன்று வரும், ஒன்றரை போகும். நஷ்டம். ஒரு விடை நிச்சயம் இல்லை என்று தள்ளிவிட்டால் மூன்றில் ஒன்று. மூன்று கேள்விக்கு ஒன்று வரும், ஒன்று போகும். லாபமுமில்லை நஷ்டமுமில்லை. இரண்டைத் தள்ளிவிட்டால் இரண்டு கேள்விக்கு ஒன்று வரும், அரைதான் போகும். அப்போது தைரியமாகக் குறிக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் தேர்வறையில் 'போடலாமா வேண்டாமா' என்று நகம் கடிக்கும் நேரம் மிச்சம். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் தள்ளிவிட விடைகளே கிடையாது. அங்கே தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் விடு.

விடைகளைத் தள்ளுவதற்கு இரண்டு மூன்று கருவி போதும். கடைசி இலக்கம் என்னவாக இருக்க முடியும்? ஒற்றையா இரட்டையா? ஒன்பதால் வகுத்தால் மீதி என்ன? தோராயமாக எவ்வளவு பெரியது? கேள்வியில் 'வெவ்வேறு', 'மிகை முழு எண்', 'அதிகபட்சம்' போன்ற சொற்களை அடிக்கோடிடுவதும் அவசியம். பூஜ்ஜியத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கும். கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பது தேர்வுக்கு முந்தைய மாதம் போதும். அதற்கு முன் கடிகாரத்தை வைத்தால் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும்.

இறுதிச் சுற்று வேறு உலகம். விடைத்தாளின் தொடக்கக் குறிப்புகளில் ஒன்றைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அழகான, புதுமையான தீர்வுக்குக் கூடுதல் மதிப்பெண் என்று போட்டிருந்தது. பள்ளித் தேர்வில் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துப் பழகியவர்கள் நாங்கள்.

அங்கே தேறுவது எழுத்தில்தான். பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். 1 முதல் 10 வரை உள்ள எண்களில் எந்த ஆறு எண்களை எடுத்தாலும், அவற்றில் இரண்டின் கூட்டல் 11 ஆக இருக்கும் என்று நிறுவுக. அக்கா மகன் எழுதியது: "1, 2, 3, 4, 5, 6 எடுத்தேன். 5 + 6 = 11. எனவே நிறுவப்பட்டது." அவனிடம் சொன்னேன், "நீ எடுத்த ஆறு சரிடா. நான் வேற ஆறு எடுப்பேன், அதுக்கு என்ன பதில்?" வேறு ஆறுக்கும் போட்டுக் காட்டினான். "எதிர் வீட்டு அண்ணன் வேற ஆறு எடுப்பான்." அப்போதுதான் முகம் மாறியது. 'எந்த ஆறு' என்றால் தனக்குப் பிடித்த ஆறு இல்லை, எதிராளி எடுக்கும் ஆறு என்று புரிந்த பிறகு, 1-10, 2-9, 3-8, 4-7, 5-6 என்று ஐந்து ஜோடியாகப் பிரித்து, ஐந்து ஜோடியிலிருந்து ஆறு எண் எடுத்தால் ஒரு ஜோடி முழுசாக வந்தே தீரும் என்று அவனே எழுதினான். நான் ஜோடிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். இரண்டு நாள் ஆனது.

எழுதிப் பழக எனக்குக் கிடைத்த ஆள் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், மளிகைக் கடை. ராத்திரி கடை சாத்தும் நேரத்தில் போய் வலப் பக்கத் தீர்வை வாசித்துக் காட்டுவேன். சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்பார். "அந்த நடு நம்பர் ஏன் போச்சுன்னு சொன்ன, அது புரியல, மறுபடி சொல்லு" என்பார். அவருக்குப் புரியாத வரி, பெரும்பாலும் நான் காரணம் சொல்லாமல் தாண்டிய வரியாகவே இருக்கும். பெற்றோருக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்று அவசியமே இல்லை. தெரிந்தவர்கள்தான் ஆபத்து, பாதியிலேயே விடையைச் சொல்லிவிடுவார்கள்.

பெற்றோர் பக்கத்தில் இன்னொன்று. முதல் சுற்று முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கணக்கு நல்லா இருந்துச்சு?" என்று கேளுங்கள். நல்ல வினாத்தாள் என்றால் வீடு வந்து சேரும் வரை பேருந்தில் அதையே பேசிக்கொண்டு வருவார்கள். பள்ளியில் எப்போதும் நூறு வாங்கும் பிள்ளை இதில் பாதிகூட எடுக்காமல் வரும், அதுதான் இயல்பு. முப்பதில் பதினைந்து சரியாக வந்தால் அது நல்ல மதிப்பெண் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. என் தோழி இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நோட்டு மாற்றுவது எட்டாம் வகுப்பு முடியும் வரை நிற்கவில்லை. என் இறுதிச் சுற்றுத் தயாரிப்பில் பென்சிலில் 'ஏன்?' போட்டவள் அவள்தான். இன்று சட்டம் படிக்கிறாள்.

ஒன்பதாம் வகுப்பிலும் தொடர விரும்பும் பிள்ளைக்கு, எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில் மூன்று விஷயம் போதும்: வட்டத்தின் தேற்றங்கள், மீதிகளை வைத்துக் கணக்கிடும் முறை, வரிசைமாற்றமும் சேர்மானமும் தொடக்க அளவில். பாஸ்கரா நிலைக்கும் ஐஓக்யூஎம்முக்கும் அவை இல்லாமல் நகராது. ஆர்வம் வேறு பக்கம் போனால் விட்டுவிடுங்கள், எட்டாம் வகுப்பு வரை போட்டதே போதுமான சேமிப்பு.

கடைசியாக நடைமுறை. என்எம்டிசிக்குப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் பள்ளி வழியாகத்தான். அறிவிப்பு தலைமையாசிரியர் மேசையிலேயே தங்கிவிடுவது சகஜம். ஜூனில் பள்ளி திறந்ததும் கணக்கு ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், ஏஎம்டிஐ இணையதளத்தில் இருக்கும் அந்த ஆண்டு அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். இன்னும் நாலைந்து பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோனால் காரியம் சீக்கிரம் நடக்கும். நோட்டு மாற்றிக்கொள்ளவும் ஆள் கிடைத்துவிடும்.